பள்ளம் வந்திருச்சு

ஐப்பசியில் சில இரவுகளில் மேற்கே மலைப்பக்கம் விடிய விடிய மின்னிக்கொண்டிருக்கும். எங்கள் ஊரில் ஒரு சொட்டு விழாது. விடிகாலையில் கட்டுத்தரையில் சாணம் அள்ளிக்கொண்டிருக்கும் அப்பத்தாவின் குரல் கேட்கும்: "கண்ணு, பள்ளம் வந்திருச்சாமா. மாட்டை அக்கட்டால ஓட்டீராதே." போர்வையை உதறிவிட்டு ஓடுவோம். இட்டேரியின் இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே புழுதி. பாதி தூரம் போகும்போதே இரைச்சல் காதில் விழும், நெல் மில் ஓடுகிற மாதிரி நிற்காமல். போய்ப் பார்த்தால், நேற்று சாயங்காலம் கிட்டிப்புள் அடித்த மணல் தரைமேல் செம்மண் கரைசலாகத் தண்ணீர் கரைதொட்டுப் போய்க்கொண்டிருக்கும். அதன்மேல் நுரை, சுள்ளி, காய்ந்த சோளத்தட்டு, மேற்கே எந்த ஊரிலிருந்தோ புறப்பட்டு வந்த ஒற்றைச் செருப்பு.

பள்ளம் வந்திருச்சு. கொங்கு நாட்டைத் தாண்டினால் இந்த வாக்கியம் செல்லாது. சென்னையில் படிக்கப்போன முதல் வருடம், விடுமுறையில் பள்ளத்தில் குளித்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அறைத்தோழன் தஞ்சாவூர்க்காரன். "குழியில எதுக்குடா குளிச்சே?" என்று நிஜமாகவே கேட்டான். விளக்கத் தொடங்கிப் பாதியில் திணறினேன். ஓடை என்று சொல்லியிருந்தால் அப்போதே புரிந்திருக்கும். ஆனால் ஓடை எனக்குப் பாடப் புத்தகத்துச் சொல். அது அங்கேதான் சலசலத்தது. எங்கள் தோட்டத்தை ஒட்டிப் போனது பள்ளம். அன்றைக்குப் பிடித்து இந்தச் சொல்லின் பின்னால் போய்க்கொண்டிருக்கிறேன்.

பெயர்களிலிருந்து தொடங்கலாம். ஈரோட்டு நகருக்குள் புகுந்து காவிரியில் விழுவது பெரும்பள்ளம். கோபிச்செட்டிபாளையத்தில் கீரிப்பள்ளம். கோவையில் சிங்காநல்லூர்க் குளத்துக்குப் போய்ச் சேர்வது சங்கனூர்ப் பள்ளம். கடம்பூர் மலையில் மாக்கம்பாளையத்துக்குப் போகிறவர்கள் குரும்பூர்ப் பள்ளத்தையும் சர்க்கரைப் பள்ளத்தையும் தாண்ட வேண்டும். மழை வலுத்த நாளில் இரண்டும் சேர்ந்து அந்த ஊரைத் துண்டித்துவிட்டதாகச் செய்தி வராத வருடம் குறைவு. அணை கட்டிய இடங்களிலும் பெயர் அப்படியே நின்றிருக்கிறது. டி.என்.பாளையம் பக்கம் 42 அடி உயரக் குண்டேரிப்பள்ளம் அணை, கெம்பநாயக்கன்பாளையத்துக்கு அருகே பெரும்பள்ளம் அணை, அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையடிவாரத்தில் வரட்டுப்பள்ளம் அணை. ஈரோட்டுப் பெரும்பள்ளமும் அணை உள்ள பெரும்பள்ளமும் வேறு வேறு. அவரவர் ஊரில் பெரியது அவரவர்க்குப் பெரும்பள்ளம்.

இவற்றில் குண்டேரிப்பள்ளம் என்னை நெடுநாள் பிடித்து வைத்திருந்தது. குண்டு என்றால் பழந்தமிழில் ஆழம்; ஆழமான அகழியைக் குண்டகழி என்றார்கள், இன்றும் குண்டும் குழியும் என்கிறோம். குண்டு, ஏரி, பள்ளம் என்று மூன்று தாழ்வுகள் ஒன்றுக்குள் ஒன்று இறங்குவதாகத்தான் எனக்கு அந்தப் பெயர் கேட்கிறது. வரட்டுப்பள்ளம் அதைவிடச் சுவாரசியம். வறண்ட பள்ளம் என்று பெயர். ஆனால் மழை பொய்க்காத வருடத்தில் அணை நிரம்பி, உபரித் தண்ணீர் கெட்டிசமுத்திரம் ஏரி, அந்தியூர்ப் பெரிய ஏரி என்று போகும். யானைகள் மலையிறங்கி வந்து குடிக்கும். பெயர் வைத்தவர்கள் மாசி, பங்குனியில் அதைப் பார்த்தவர்களாக இருக்க வேண்டும். தண்ணீர் இல்லாத மாதத்திலும் அது அவர்களுக்குப் பள்ளமாகவே இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

ஊர்ப் பெயர்களிலும் இது உண்டு. கொங்கில் பள்ளபாளையம் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள்: சூலூர்ப் பக்கம் ஒன்று, வேறு இடங்களில் வேறு. மேட்டுப்பாளையம் மேட்டில் என்றால் பள்ளபாளையம் பள்ளத்தோரத்தில். காவிரிக்கு அக்கரையில், ஈரோட்டுக்கு எதிரே இருக்கிற பள்ளிபாளையத்தை இதோடு சேர்த்துவிடக் கூடாது. அது பள்ளி என்ற வேறு சொல்.

அகராதியைத் திறந்தால் பள்ளத்துக்குத் தாழ்வு, தாழ்ந்த நிலம், குழி என்ற பொருள்கள்தான் முன்னால் வந்து நிற்கும். பள்ளத்தாக்கில் இருப்பதும் அந்தத் தாழ்வுதான். குட்டைக் கால் ஆட்டைப் பள்ளையாடு என்கிறோமே, அந்தப் பள்ளையும் இதே குடும்பம் என்று சொல்லத் தோன்றுகிறது. வைணவ உரைகாரர்களுக்குப் பள்ளமடை என்றொரு சொல் பிடிக்கும். மேட்டிலிருந்து தாழ்விடத்துக்கு யாரும் தள்ளாமலே பாயும் மடைநீர், தானாகப் போய்ச் சேர்கிற அன்புக்கு உவமை. அதில் தண்ணீர் ஏற்கெனவே நுழைந்துவிட்டது. ஆனாலும் பள்ளமே தண்ணீராகிவிடவில்லை.

அது ஆன இடம் கன்னடம். கன்னடத்தில் ஹள்ள என்றால் குழி. ஹள்ள என்றால் ஓடையும்தான். சொல் நம்முடையதே. 10ஆம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கி, கன்னடத்தில் சொல்லின் முதலில் வரும் பகரம் கொஞ்சம் கொஞ்சமாக ஹகரமாக மாறியது. பால் அங்கே ஹாலு ஆனது, பத்து ஹத்து, பல் ஹல்லு, புலி ஹுலி, பள்ளி ஹள்ளி. அந்த வரிசையில் பள்ளம் ஹள்ள ஆனது. வட கர்நாடகத்தில் தார்வாடுப் பக்கத்துக் கரிசல் காடுகளின் ஊடே வந்து மலப்பிரபாவில் சேரும் பெண்ணிஹள்ள, பெயரைப் பிரித்தால் வெண்ணெய்ப் பள்ளம். மழைக்காலத்தில் கரை புரண்டு வயலை மூழ்கடிப்பதில் அதற்குப் பேர் உண்டு. பெரிய ஆற்றுக்குக் கன்னடர்கள் ஹொளெ என்பார்கள். அதுவும் ஒரு காலத்துப் பொளெ, மலையாளத்துப் புழவின் உறவு.

நம் பக்கமே தாளவாடியிலும் ஆசனூரிலும் கன்னடம் பேசும் ஊர்கள் இருக்கின்றன. அங்கே அது ஹள்ள. திம்பத்திலிருந்து பண்ணாரிக்கு 27 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வந்தால் பள்ளம். எழுத்து மாறியிருக்கிறதே தவிர, மேலேயும் கீழேயும் ஒரே பொருள்.

அப்படியானால் கொங்கு நாடு இந்தப் பொருளைக் கன்னடத்திலிருந்து வாங்கிக்கொண்டதா? கங்கர், போசளர், 1799 வரை மைசூர் என்று இந்த மண்ணைக் கன்னட நாட்டிலிருந்து ஆண்டவர்கள் பலர். அதனால் இந்தக் கேள்வி எழுவது நியாயம். ஆனால் ஹள்ள ஆன பிறகு வாங்கியிருந்தால் அது அள்ளம் என்று வந்திருக்க வேண்டும். நம்மிடம் பகரம் கெடாமல் இருக்கிறது. அதற்கு முன்பே வந்தது என்று ஒருவர் வாதாடலாம். எனக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்று படுகிறது. சொல் தமிழில் முன்பே இருந்தது, பொருள்தான் விரிந்திருக்கிறது. அந்தப் பொருளை விரித்தது எது என்பதற்கு மற்ற உறவு மொழிகளையும் பார்க்க வேண்டும்.

தெலுங்கில் பல்லம் என்றால் தாழ்ந்த நிலம். கடலோர ஆந்திரத்தில் அதற்கு நஞ்சை என்று பொருள். மேட்டுப் புன்செய்க்கு மெட்ட, கால்வாய் பாயும் நெல் வயலுக்குப் பல்லம். கேரளத்தின் வடகோடியில், காசர்கோட்டில், பள்ளம் என்றால் செம்பாறைக் குன்றுகளின் உச்சியில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும் இயற்கைக் குட்டை. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் இந்த உறவுச் சொற்களெல்லாம் ஒரே பதிவின் கீழ் அடுத்தடுத்து நிற்கும். அதை முதல்முறை பார்த்தபோது அதைச் சொற்களின் பட்டியலாகப் படித்தேன். பிறகு ஒருநாள், அது ஒரு நிலப்படம் என்று உறைத்தது.

தாழ்ந்த இடத்தில் தண்ணீர் என்ன செய்யும் என்பதை அந்தந்த மண் முடிவு செய்கிறது. கோதாவரி, கிருஷ்ணைக் கழிமுகத்தில் தரை தட்டையானது. தண்ணீர் தாழ்விடத்தில் பரவி நிற்கிறது, நெல் விளைகிறது, பல்லம் வயலாகிறது. காசர்கோட்டுச் செம்பாறையில் அது வழி கிடைக்காமல் தேங்குகிறது, பள்ளம் குட்டையாகிறது. கொங்கு நாடு இரண்டும் இல்லை. கோவை கடல் மட்டத்துக்கு மேல் 400 மீட்டரைத் தாண்டிய ஊர். ஈரோடு 200 மீட்டருக்கும் கீழே. நடுவில் இருப்பது நூறு கிலோமீட்டர்தான். மேலே கொஞ்சம் மண், அதன் கீழே சுக்கான்கல், அப்புறம் கெட்டிப் பாறை. இந்தச் சரிவில், இந்தப் பாறைமேல், தாழ்ந்த இடத்துக்கு வந்த தண்ணீரால் நிற்க முடியாது, போயாக வேண்டும். அதனால் இங்கே பள்ளம் ஓடுகிறது. தக்காணத்துக் கன்னட நிலமும் அப்படியே. இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரிடம் ஒருவர் கடன் வாங்காமலே ஒரே பொருளுக்கு வந்திருக்க முடியும் என்று நான் நினைப்பது இதனால்தான். தஞ்சாவூர் கடலிலிருந்து சற்றொப்ப 60 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. என் அறைத்தோழன் ஊரில் ஆறு மேடு, வயல் தாழ்வு. பள்ளம் என்றால் அவனுக்குக் குழியாகத்தானே இருக்க முடியும்.

கொங்குத் தமிழில் இதேபோல் இன்னொரு சொல் உண்டு. மானாவாரி நிலத்தை நாங்கள் காடு என்போம். "அப்பாரு காட்டுக்குப் போயிருக்காரு" என்றால் சோளமோ கொள்ளோ விதைத்த நிலத்துக்குப் போயிருக்கிறார். கிணற்றுப் பாசனம் இருந்தால் அது தோட்டம். காட்டில் பெய்த மழை கொழுக்கட்டைப் புல்லின் வேரில் கொஞ்சம் தங்கி, வரப்பில் தேங்கி, இட்டேரியில் இறங்கி, இட்டேரியே வாய்க்காலாகிப் பள்ளத்துக்கு வரும். காடு, தோட்டம், இட்டேரி, பள்ளம் என்ற இந்த நான்கு சொற்களைத் தெரிந்துகொண்டால் ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழையை வைத்துக்கொண்டு இந்த மண் எப்படிப் பிழைத்தது என்பது தெரிந்துவிடும்.

எங்கள் பள்ளத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பங்குனி. தண்ணீர் இல்லை. மேல்கரையில் நொச்சிப் புதர். வேர்கள் மண்ணைப் பின்னிப் பிடித்திருக்கும், நொச்சி வெட்டிய இடத்தில் மட்டும் கரை பெயர்ந்து தொங்கும். வளைவில் இரண்டு நீர்மருது. பட்டை வெளிறி, வழவழவென்று, ஒரு சுற்றுக் கட்டிப்பிடிக்க மூன்று பையன்கள் வேண்டும். அதன் அடியில் வெள்ளம் அரித்த பொந்தில் ஒரு மடு. பள்ளம் முழுக்கக் காய்ந்தாலும் அது காயாது. மிச்சமிருக்கும் கெண்டையும் கெளுத்தியும் அடுத்த ஐப்பசிவரை அதில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். மீன்கொத்திக்கு அது தெரியும். கொஞ்சம் கீழே, தண்ணீர்ப் பக்கம் சாய்ந்த ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள். பாம்பும் பூனையும் எட்டாதபடி எப்போதும் பள்ளத்துக்கு நேர் மேலேதான் தொங்கும். கூடு கட்டும் காலத்தில் அடியில் தண்ணீர் வந்துவிடும் என்று அதற்கும் கணக்கு இருந்தது.

மணலில் ஒரு முழம் கையால் பறித்தால் ஊத்து. முதலில் கலங்கலாக ஊறும். அப்பத்தா கொட்டாங்குச்சியால் அதை மூன்று தரம் இறைத்து வெளியே கொட்டிவிட்டு, பேசாமல் குந்தியிருப்பார். நாலாவது தரம் வரும் தண்ணீரில் மணல் ஒவ்வொன்றாகத் தெரியும். குடத்தை மெதுவாகச் சாய்த்து, கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு ஊற்றுவார். ஒரு குடம் நிறைய அரை மணி நேரம். "பள்ளம் அடியில போயிட்டுத்தான் இருக்குது கண்ணு. நமக்குத்தான் கண்ணுக்குத் தெரியறதில்லை" என்பார். பள்ளத்தோரக் கிணறுகளில் கோடையிலும் தண்ணீர் நின்றதற்கு இதுதான் காரணம். கல்யாணத்துக்குத் தோட்டம் பார்க்க வருகிறவர்கள் முதலில் விசாரித்தது பள்ளம் எந்தப் பக்கம் என்றுதான்.

இப்போது வரட்டுப்பள்ளத்துக்குத் திரும்பலாம். ஓடை என்ற சொல்லை உச்சரித்துப் பாருங்கள். ஓடு என்பது அதற்குள் கேட்கிறது. ஓடுகிற தண்ணீருக்கு வைத்த பெயர். தண்ணீர் ஓடாத எட்டு மாதம் அது என்ன? பள்ளம் தரைக்கு வைத்த பெயர். தண்ணீர் வந்தால் பள்ளம் வந்தது, போனால் பள்ளம் காய்ந்தது. வந்தாலும் காய்ந்தாலும் அந்த இடம் தண்ணீருடையது என்பதை அந்தச் சொல் விட்டுக்கொடுக்கவில்லை. மழை நான்கு மாதம்கூட ஒழுங்காக வராத நாட்டில் நீரோட்டத்துக்குப் பெயர் வைத்தவர்கள் நீரை நம்பாமல் நிலத்தை நம்பினார்கள். ஆறுகளுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. வானி பவானி ஆனது, காஞ்சி நொய்யல் ஆனது, ஆன்பொருநை அமராவதி ஆனது. பள்ளத்தின் பெயரைத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை.

1955இல் பவானிசாகர் அணை முடிந்து, 200 கிலோமீட்டர் நீளக் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது பள்ளங்களின் வாழ்க்கை மாறியது. 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கரை இரண்டாகப் பிரித்து, ஆகஸ்டு முதல் டிசம்பர்வரை ஒரு பாதிக்கு நெல்லுக்கும், ஜனவரி முதல் ஏப்ரல்வரை இன்னொரு பாதிக்குக் கடலை, எள்ளுக்கும் தண்ணீர் விடுகிறார்கள். மண் கரை வாய்க்கால், கசியும். அந்தக் கசிவு பள்ளத்துக்கு வரும். மழையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த பள்ளங்கள் வாய்க்கால் ஓடும் மாதங்களில் தெளிந்த தண்ணீரோடு போகத் தொடங்கின. பள்ளத்தில் குறுக்கே தடுப்பணை கட்டி அந்தக் கசிவை மறுபடி வயலுக்கு எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. அண்மை ஆண்டுகளில் வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் போடும் திட்டம் வந்தபோது விவசாயிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். கடைமடைக்காரர்களுக்குக் கசிவு என்பது இழப்பு. நடுவில் இருப்பவர்களுக்கு அதுதான் கிணறு, அதுதான் பள்ளம். இரண்டு பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. ஆனால் கசிவை வீண் என்று எழுதுகிற கணக்குத் தாளில் பள்ளத்துக்குக் கட்டமே இல்லை என்பது என் மனத்தை உறுத்துகிறது.

சொல்லுக்கு வந்த சேதம் வேறு பக்கத்திலிருந்து. இப்போது ஈரோட்டில் அதைப் பெரும்பள்ளம் ஓடை என்று எழுதுகிறார்கள், கோபியில் கீரிப்பள்ளம் ஓடை. ஓடை ஓடை என்று இரண்டு முறை சொன்ன மாதிரி. பள்ளம் என்றாலே ஓடை என்பது எழுதுகிறவருக்குத் தெரியாமல் போன பிறகுதான் இப்படி ஒட்டுப்போட வேண்டி வரும். சங்கனூர்ப் பள்ளம் செய்திகளில் பெரும்பாலும் சங்கனூர் ஓடையாகவே வருகிறது. இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஓடை அழகான சொல்தான். ஆனால் ஓடை பள்ளத்தின் இடத்துக்கு வந்ததும், பள்ளத்துக்கு எங்கள் ஊரிலேயே ஒரு பொருள்தான் மிஞ்சுகிறது. குழி.

சில வருடங்களுக்கு முன், எங்கள் தோட்டத்துக்கு மேற்கே ஒரு நிலம் விலைக்கு வந்தது. சைட் போடுவதற்காக அளந்துகொண்டிருந்தார்கள். வரைபடத்தைக் கையில் வைத்திருந்த புரோக்கர், என்னைவிட இளையவர், உள்ளூர்ப் பேச்சுத்தான். நொச்சியை வழித்துத் தள்ளிய கரைமேல் நின்றுகொண்டு, பள்ளத்தைக் கைகாட்டி, வந்தவரிடம் சொன்னார்: "இது பள்ளமுங்க. பத்து டிப்பர் மண்ணு அடிச்சாப் போதுமுங்க, ரோட்டு மட்டத்துக்கு வந்திரும்." அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த பொருளில் அது சரியான வாக்கியம். குழி இருந்தால் நிரப்பத்தான் வேண்டும். அப்பத்தாவும் அதே சொல்லைத்தான் சொன்னார், அதே இடத்தைக் காட்டி.

டிப்பர்கள் வந்தன. வளைவில் இருந்த நீர்மருதில் ஒன்று போயிற்று. மடு தூர்ந்தது. மிச்சம் இருக்கும் வழியில் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டிருக்கிறது. கொங்கில் பள்ளங்கள் எல்லாவற்றுக்கும் இதுவே கதை என்று சொல்ல மாட்டேன். ஈரோட்டிலும் திருப்பூரிலும் சாயக் கழிவு கண்ட பள்ளங்களோடு ஒப்பிட்டால் எங்களுடையது தப்பித்த பள்ளம். இன்னும் அதில் தவளை கத்துகிறது; ஆள்காட்டி ராத்திரியில் பறந்துகொண்டே கத்துகிறது.

போன ஐப்பசியில் ஊரிலிருந்து சித்தப்பா விடியற்காலையில் போன் செய்தார். மேற்கே நல்ல மழையாம். மண்ணடித்த இடத்தில் தண்ணீர் கொஞ்ச நேரம் தயங்கி நின்று, பிறகு எங்கள் தோட்டத்து வரப்பை உடைத்துக்கொண்டு பழைய மடு இருந்த பக்கம் திரும்பியதாம். வாழை இருபது முப்பது சாய்ந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார், குரலில் கவலை இருந்தது. ஆனால் எடுத்ததும் முதலில் சொன்னது வாழையைப் பற்றியல்ல.

"கண்ணு, பள்ளம் வந்திருச்சு."